பெமிக்கனுக்குள் ஒரு நீலக் கண்

ஒனேசிமின் கண் பெமிக்கனுக்குள் விழுந்துவிட்டது என்பது, கடைசி மூட்டையின் வாயைத் தைத்து, நரம்பு நூலைப் பல்லால் கடித்து அறுத்த பிறகுதான் பெலாஜிக்குத் தெரிந்தது.

கழுத்தைத் தடவினாள். கயிறு இருந்தது. கயிற்றில் தொங்க வேண்டிய சுருக்குப்பை இல்லை. அது கொழுப்பு உருக்கிய அண்டாவுக்குப் பக்கத்தில், புல்லில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. எடுத்து உதறினாள். உள்ளே ஒன்றும் இல்லை.

பயப்பட வேண்டாம், நிஜக் கண் இல்லை. பெலாஜியின் புருஷன் ஒனேசிமின் நிஜக் கண் சில வருஷங்களுக்கு முன்பே, துப்பாக்கி பின்பக்கமாக வெடித்ததில் போய்விட்டது. இது கண்ணாடிக் கண். நாங்கள் தோலும் கறியும் விற்கும் வியாபாரக் கோட்டையின் கடைக்காரரிடம் சொல்லிக் கப்பலில் வரவழைத்தது. பழுப்பு நிறத்தில் கேட்டிருந்தான். காத்துக் காத்து, நீல நிறத்தில் வந்தது. திருப்பி அனுப்பினால் அடுத்த கண் வர இன்னும் இரண்டு வருஷம் ஆகும், அது பச்சையாக வந்தாலும் வரலாம் என்றார் கடைக்காரர். ஒனேசிம் அங்கேயே எடுத்து மாட்டிக்கொண்டான்.

அன்றிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது. கோட்டையில் பேரம் பேசும்போது நீலக் கண் பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்பான். அந்தப் பக்கம் ஸ்காட்லாந்துக்காரன். கிரீ பழங்குடி மச்சான்மார்களோடு உட்கார்ந்தால் பழுப்புக் கண் பக்கம். நேருக்கு நேர் பார்த்தால் இரண்டு ரத்தமும் கலந்த, எங்களைப் போல் அசல் மெத்தி. "என் வம்சம் மொத்தமும் என் மூஞ்சியில இருக்கு" என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

வேட்டைக்குப் போகும்போது மட்டும் கழற்றிவிடுவான். ஒருமுறை குதிரை பாய்ந்த பாய்ச்சலில் கண் வெளியே குதித்து, பாவம், புல்லுக்குள் தவழ்ந்து தேட வேண்டியதாகிவிட்டது. அதிலிருந்து கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, கண்ணைப் பெலாஜியிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். "என் உயிரு இது. பத்திரம்" என்பான். இந்தத் தடவையும் அதையே சொல்லிவிட்டுத்தான், அடுத்த எருமை மந்தையைத் தேடி மற்ற ஆண்களோடு மேற்கே போயிருந்தான். எந்த நாளும் திரும்பி வரலாம்.

அவன் திட்டுவான் என்று பெலாஜி பயப்படவில்லை. ஒனேசிம் திட்டுகிற ஆள் இல்லை, அழுகிற ஆள். முதல் கண் போனபோது மிச்சமிருந்த கண்ணால் அவன் அழுததை அவள் பார்த்திருக்கிறாள். அதை இன்னொரு முறை பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

வண்டிக்குப் பக்கத்தில் மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன. எல்லாம் ஒரே மாதிரி, ரோமம் வெளியே தெரியத் தைத்த எருமைத்தோல் மூட்டைகள். காய்ந்த கறியை இடித்துத் தூளாக்கி, கொழுப்பை ஊற்றி, சாஸ்கட்டூன் பழத்தை வாரிப் போட்டு, மரத்துடுப்பால் கிளறி அடைத்தவை; அதுதான் பெமிக்கன், எங்கள் குளிர்காலச் சாப்பாடு. அந்தப் பழத்தின் நிறமும் ஒனேசிமின் கண்ணின் நிறமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். துடுப்பால் கிளறியதில் பழத்தோடு பழமாய் அதுவும் உள்ளே போயிருக்கும். ஆனால் எந்த மூட்டைக்குள்?

ஒரு மூட்டையைக் கட்டிப்பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஆறிய பெமிக்கன் பாறை மாதிரி, ஆட்டுகிறவள்தான் ஆடுவாள். கோடரியால் பிளக்கலாம். பிளந்தால் கண்ணையும் பிளந்தாலும் பிளக்கும்.

"என்னடி, மூட்டையோட நடனமா?" என்றபடி பக்கத்து வண்டி யூலாலி வந்தாள்.

பெலாஜி அழுதுவிட்டாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள்.

யூலாலி வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஐயையோ, நீலக் கண்ணா?"

"அவருக்கு இருக்கிறதே ஒண்ணுதானேடி! யார்கிட்டயும் மூச்சு விடாத. மாதா மேல சத்தியம் பண்ணு."

"மாதா மேல சத்தியம். என் வாயைத் தைச்சுட்டேன்னு வெச்சுக்க" என்றாள் யூலாலி. "ஒரு மூட்டையைப் பிரிச்சு, தண்ணி படாம இளஞ்சூட்டுல உருக்கு. கண்ணு அடியில தங்கிடும். எடுத்துட்டு, உருகினதை அப்படியே திரும்ப ஊத்தித் தைச்சுடு. யாருக்குத் தெரியப் போகுது?"

யோசனை நல்ல யோசனைதான். முதல் மூட்டையின் தையலைப் பிரித்து, தோலை உரித்து, உள்ளே இருந்த பாறையை அண்டாவில் இறக்கினாள். தோல் கிழிந்து உதவாமல் போனது. போகட்டும், வேறு தோல் பார்த்துக்கொள்ளலாம். அடுப்பை மெல்ல எரியவிட்டு, அகப்பையை அடியில் விட்டுத் துழாவினாள். கவலையில் இருக்கிறவளுக்கு இளஞ்சூடு ஏது, பெருஞ்சூடு ஏது? இன்னொரு கட்டையைத் தள்ளினாள். கறி அடிப்பிடித்தது. அலறியடித்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள்.

தண்ணீர் பட்ட பெமிக்கன் அப்புறம் பெமிக்கன் இல்லை, சூப். எங்கள் ஆட்கள் அதற்கு ரபபூ என்பார்கள். அதை மூட்டையில் அடைக்க முடியாது, வயிற்றில்தான் அடைக்கலாம்.

அதோடு போனால் பரவாயில்லை. தைத்த மூட்டை எத்தனை வருஷமும் கெடாமல் கிடக்கும், யாரும் தொட மாட்டார்கள். ஆனால் பிரித்த மூட்டை பொது. வாசனை யார் மூக்குக்குப் போனாலும் அவர்கள் கிண்ணத்தோடு வரலாம். இல்லை என்று சொல்லக் கூடாது. பிரித்த மூட்டையை மறைத்து வைத்துத் தனியாகச் சாப்பிடுகிறவர்களுக்கு முகாமில் ஒரு பெயர் உண்டு, அதை அச்சில் போட முடியாது.

முதலில் வந்தது ஜெதெயோன் கிழவர். முகாமின் அறிவிப்புக்காரர் அவர்தான். எந்தச் செய்தியானாலும் வண்டி வண்டியாகப் போய்க் கூவுவார். வாயில் பல் ஒன்றுகூட இல்லை. குரல் மட்டும் அப்படியே இருந்தது. கிண்ணமும் கரண்டியும் இடுப்புக் கச்சையில் எப்போதும் தொங்கும்.

"மருமகளே, என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல மாமா. இன்னிக்கு... ஒரு புனிதரோட திருநாள்."

"எந்தப் புனிதர்?"

"அதை அவகிட்ட ஏன் கேக்குறீங்க? என்கிட்ட கேளுங்க" என்று பின்னால் ஒரு குரல். பாதிரியார்! கியூபெக்கிலிருந்து புதிதாக வந்தவர். ஒல்லியான மனிதர். காட்டுக் கிழங்கும் கொசுக்கடியும் சேர்ந்து இன்னும் ஒல்லியாக்கியிருந்தன. வானத்தைப் பார்த்து யோசித்தார். அண்டாவைப் பார்த்து யோசித்தார். "இன்னிக்கு யாரோ ஒரு புனிதர் கண்டிப்பா இருப்பார். கிண்ணம் எடுத்துட்டு வந்துடறேன்."

அவ்வளவுதான், முகாமே வரிசையில் நின்றது. ஒவ்வோர் அகப்பையையும் முகத்துக்கு நேரே தூக்கி முறைத்துப் பார்த்த பிறகே பெலாஜி ஊற்றினாள். "என்னம்மா, ஊத்த மனசு வரலையா?" என்று யாரோ கேட்டதும் வெட்கப்பட்டுக் கொஞ்சம் வேகமாக ஊற்றினாள். அண்டா காலியானது. அடியில் கருகல்தான் இருந்தது.

"இந்த மூட்டையில இல்லடி" என்று யூலாலியின் காதில் கிசுகிசுத்தாள்.

"அப்ப வேறதுல இருக்கும்" என்றாள் யூலாலி, கிண்ணத்தை வழித்து நக்கியபடி.

மறுநாள் பெலாஜி புத்திசாலியானாள். வாசனைதானே வினை? முகாமிலேயே உருக்கினால்தானே வாசனை! ஒரு மூட்டையை வண்டியில் போட்டுக்கொண்டு, மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓடைப் பள்ளத்துக்குப் போனாள். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. நிம்மதியாக அடுப்பு மூட்டினாள்.

வாசனை முகாமுக்குப் போகவில்லை. புகை போனது.

ஆண்கள் இல்லாத நேரத்தில், மேட்டுக்குப் பின்னால், தனியாக ஒரு புகை எழுந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், எங்கள் எதிரிகளான சூ குலத்தார். "சூ ஆளுங்க வந்துட்டாங்க! வண்டியைக் கட்டு! வண்டியைக் கட்டு!" என்று ஜெதெயோன் தொண்டை கிழியக் கூவினார். பெண்கள் வண்டிகளை வட்டமாக இழுத்துச் சக்கரத்தோடு சக்கரம் சேர்த்துக் கட்டினார்கள். குழந்தைகள் வண்டிக்கு அடியில் போனார்கள். முட்டி வலி என்று வேட்டைக்குப் போகாத கிழவர்கள் எல்லாம் துப்பாக்கியை எடுத்தார்கள். பாதிரியார் சிலுவையை எடுத்தார். யூலாலி கோடரியை எடுத்தாள். எல்லோரும் வயிற்றால் ஊர்ந்து மேட்டின் உச்சிக்குப் போய் எட்டிப் பார்த்தார்கள்.

கீழே பெலாஜி, இரண்டு கைகளையும் முழங்கை வரை கொழுப்பில் விட்டுத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவள் தலையைத் தூக்கினாள். துப்பாக்கிக் குழல்கள் வரிசையாகத் தெரிந்தன.

"மருமகளே" என்றார் ஜெதெயோன் மூச்சு வாங்கியபடி. "பிரிச்ச மூட்டையை எடுத்துக்கிட்டு இங்க தனியா வந்து..."

அவர் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவதற்குள் பெலாஜி முந்திக்கொண்டாள். "நேர்ச்சை!" என்று கத்தினாள். "நேர்ச்சை மாமா! என் புருஷன் பத்திரமா வரணும்னு அந்தோணியாருக்கு நேர்ந்துக்கிட்டேன். சமைச்சு எடுத்துட்டு வந்து எல்லாருக்கும் குடுக்கலாம்னுதான்..."

"அந்தோணியாருக்கா?" என்றார் பாதிரியார். "தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுக் குடுக்குறவராச்சே அவர்."

"புருஷன் தொலைஞ்சு போயிடக் கூடாதுல்ல சாமி?"

பாதிரியார் சிலுவையை மெதுவாக இடுப்பில் செருகிக்கொண்டார். முகத்தில் ஒரு சாந்தம் வந்தது. "ரொம்ப நல்ல நேர்ச்சை மகளே. ஆனா அந்தோணியாருக்கு ஒரு நாளோட விட்டா அரைகுறை. அவருக்கு நவநாள்தான் வழக்கம், தொடர்ந்து ஒன்பது நாள்."

"நவ..."

"நேத்து நீங்க போட்டதைக்கூடக் கணக்குல சேர்த்துக்கலாம், பாதகமில்ல. அந்தோணியார் ரொம்பப் பார்க்க மாட்டார். இன்னிக்கு ரெண்டாவது நாள்."

பெலாஜி மனசுக்குள் வண்டியில் இருந்த மூட்டைகளை எண்ணினாள். நவநாளுக்குச் சரியாகத்தான் இருந்தது. குளிர்காலத்துக்குத்தான் இருக்காது.

இரண்டாவது மூட்டையிலும் கண் இல்லை.

அதன் பிறகு பெலாஜியால் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் நேர்ச்சையை முறித்தவள் என்ற பெயர், தொடர்ந்தால் ஓட்டாண்டி. ஒவ்வொரு நாளும் காலையில், இன்றைக்குக் கிடைத்துவிடும், கிடைத்ததும் ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்திவிடலாம் என்று நம்பித்தான் தையலைப் பிரித்தாள். மற்ற பெண்கள் அடுப்பு மூட்டுவதையே விட்டுவிட்டார்கள். அவரவர் மூட்டைகள் அவரவர் வண்டியில் கன்னி கழியாமல் கிடந்தன. பெலாஜியின் அண்டாவைச் சுற்றிக் காலையிலேயே இடம் பிடித்தார்கள். ஒருத்தி காட்டு வெங்காயம் கொண்டுவந்தாள். இன்னொருத்தி, நேற்று உப்புக் கம்மி என்றாள். முகாம் நாய்கள்கூடக் குரைப்பதை மறந்து புரண்டு கிடந்தன.

அதைவிடக் கொடுமை, எல்லோரும் அன்பாக இருந்தார்கள்.

"உன்ன மாதிரி தாராள மனசு யாருக்கு வரும் மருமகளே!" என்று ஜெதெயோன் தினமும் வண்டி வண்டியாகப் போய்க் கூவினார். பாதிரியார் பிரசங்கத்தில் அவளை உதாரணம் காட்டினார். யூலாலி மட்டும்தான் விஷயம் தெரிந்தவள் என்பதால், பெலாஜி அவளிடமே ஓடினாள்.

"போதும்டி. நான் விட்டுடறேன். பனி பெய்யறப்ப எதைச் சாப்பிடறது?"

"பைத்தியமா உனக்கு? இவ்வளவு தூரம் வந்துட்டு விடுறதா?" என்றாள் யூலாலி. கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது அவளுக்கு. "ராத்திரி எனக்குக் கனவுல வந்துச்சு. பழம் ரொம்பப் போட்ட மூட்டை இருக்குல்ல, அந்தப் பெருசு? அதுலதான் கண்ணு இருக்கு. என்னையே பார்த்துச்சுடி."

பெரிய மூட்டையைப் பிரித்தாள். மஜ்ஜைக் கொழுப்பு ஊற்றி, கல்யாணம் காட்சிக்கென்று எடுத்து வைத்திருந்த மூட்டை அது. முகாமே கண்ணை மூடிக்கொண்டு ருசித்தது. பாதிரியார் மூன்றாவது முறை கிண்ணத்தை நீட்டினார். கண் இல்லை.

பெலாஜி பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். வண்டி நிழலில் மண்டியிட்டு, பொய் நேர்ச்சையையும் கண் தொலைந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். "பாதியில நிறுத்திடட்டுமா சாமி?"

பாதிரியார் தொண்டையைக் கனைத்தார். "பொய்யா ஆரம்பிச்ச நேர்ச்சையை, மகளே, முழுசா முடிச்சாத்தான் உண்மையாகும்" என்றார். அவர் ஏன் தன் முகத்தைப் பார்க்காமல் பேசினார் என்று பெலாஜி அப்போது யோசிக்கவில்லை.

ஒருவழியாகக் கடைசி மூட்டையும் அண்டாவுக்குள் போனது. பெலாஜி ஆளே பாதியாகிவிட்டிருந்தாள். ஊருக்கெல்லாம் ஊற்றினவள் வாயில் ஒரு வாய் இறங்கவில்லை. அகப்பையால் அடியைத் துழாவினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. வரிசை நீண்டு நின்றது.

அந்த நேரம் பார்த்துக் குதிரைச் சத்தம் கேட்டது. முதல் குதிரையில் ஒனேசிம், கறுப்புத் துணி கட்டிய முகம் நிறையச் சிரிப்போடு.

"மந்தை கிடைச்சுடுச்சு! கண்ணுக்கெட்டின தூரம் எருமைதான்! வண்டியெல்லாம் பத்தாது!" என்று கத்திக்கொண்டே குதித்து இறங்கினான். அண்டாவைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான், காலி வண்டியைப் பார்த்தான். "என்ன பெலாஜி, யாருக்காவது கல்யாணமா?" பிறகு பழக்க தோஷத்தில் உள்ளங்கையை நீட்டினான். "எங்க, என் கண்ணைக் குடு. கூட்டத்துல பேசணும்."

பெலாஜியின் கையிலிருந்து அகப்பை நழுவியது.

"தொலைச்சுட்டேங்க" என்றாள். அத்தனை பேர் முன்னால், உரக்கவே சொன்னாள். "உங்க கண்ணைத் தொலைச்சுட்டேன். பெமிக்கன்ல விழுந்துடுச்சு. நேர்ச்சையும் இல்ல, திருநாளும் இல்ல. அத்தனை மூட்டையையும் பிரிச்சுத் தேடினேன். கிடைக்கலை. மூட்டையும் போச்சு, கண்ணும் போச்சு." அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் காலி கிண்ணத்துக்குள் எதையோ உற்றுப் பார்த்தார்கள்.

ஒனேசிம் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். கறுப்புத் துணியைத் தடவினான். உதடு கோணியது. அழப் போகிறான் என்று பெலாஜி கண்ணை மூடிக்கொண்டாள்.

"மூட்டை போனாப் போகுது, மந்தைதான் இருக்கே" என்றான் மெதுவாக. "கண்ணு... போனாப் போகுது. ஒரு கண்ணுக்கு நீ நல்லாத்தான் தெரியறே. ஆனா இப்படி இளைச்சுட்டியேடி, அதைத்தான் பார்க்க முடியலை."

அப்போதுதான் அவன் அழுதான். பெலாஜி பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெதெயோன் கிழவர் வரிசையை விட்டு வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றினார். தொப்பியின் மடிப்பிலிருந்து ஒரு சின்னத் துணிப் பொட்டலத்தை எடுத்து, மெல்லப் பிரித்து, ஒனேசிமின் உள்ளங்கையில் வைத்தார். நன்றாகக் கழுவித் துடைத்த நீலக் கண் வானத்தைப் பார்த்தது.

பெலாஜி துள்ளி எழுந்தாள். "மாமா! எங்க... எப்பக் கிடைச்சுது?"

"முதல் மூட்டையிலேயே என் கிண்ணத்துல வந்துடுச்சு மருமகளே" என்றார் கிழவர். "நம்ம வழக்கப்படி அன்னிக்கே உனக்குத் தெரியாம கூட்டம் போட்டுக் கேட்டேன். 'உடனே குடுத்துடலாமா'ன்னேன், ஒரு கை எழலை; 'மூட்டை எல்லாம் தீர்ந்ததும் குடுக்கலாமா'ன்னேன், சாமி ரெண்டு கையையும் தூக்கிட்டார்."